பழைய மாடிப்படிக்கு மறுமெருகு: இரும்பும் தேக்கும் சேர்ந்த படிக்கட்டை நாமே புதுப்பிப்பது எப்படி?

1970-களிலும் 80-களிலும் தமிழ்நாட்டில் கட்டப்பட்ட மாடி வீடுகள் பலவற்றில் இந்த மாடிப்படியைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், அதன்மேல் தேக்குப் பலகைகள். ஓரத்தில் வரிசையாகச் சதுரக் கம்பிகள், நடுநடுவே சுருள் வேலைப்பாடு. கம்பிகளின் தலையில் ஒரு பட்டை இரும்பு, அதன்மேல் கைக்கு வாகாக உருட்டிய தேக்குக் கைப்பிடி. கட்டிய புதிதில் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறியிருப்பார்கள்.

இன்று அதன் நிலை வேறு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த எனாமல் அடுக்கடுக்காக ஏறி, சுருள்களின் நெளிவே மழுங்கிப் போயிருக்கிறது. கைப்பிடி கோடையில் பிசுபிசுக்கிறது. படிகளின் நடுவில் வார்னிஷ் தேய்ந்து வெளுத்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கிறது. இதைப் பார்த்துச் சலித்துத்தான் பலர் எல்லாவற்றையும் அறுத்தெறிந்துவிட்டு எவர்சில்வர் குழாயும் கண்ணாடியும் போட முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்துத் தேக்கு இன்று அதே தரத்தில் எளிதாகக் கிடைப்பதில்லை. உங்கள் படிக்கட்டில் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மேற்பூச்சு மட்டும்தான்.

மறுமெருகு என்பது அந்த மேற்பூச்சை, உறுதியான பரப்பு கிடைக்கும்வரை நீக்கி, அந்தப் பரப்பின் மேல் புதிய பூச்சை அடுக்கடுக்காக எழுப்புவது. பழைய பூச்சின் மேலேயே இன்னொரு கை அடிப்பது மறுமெருகு ஆகாது. தூசி துடைக்காத தரையில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டினால் என்ன ஆகும்? ஸ்டிக்கர் தூசியில் ஒட்டிக்கொள்ளும், தூசி தரையில் ஒட்டாது. உரியத் தொடங்கிய பெயின்டின் மேல் அடிக்கும் விலையுயர்ந்த பெயின்டுக்கும் அதே கதிதான். அதனால் இந்த வேலையில் நாள் கணக்கைப் பார்த்தால், பாதிக்கு மேல் சுரண்டுவதிலும் தேய்ப்பதிலும்தான் போகும். பிரஷ் கையில் இருக்கும் நேரம் குறைவு.

பூச்சு பரப்பைப் பற்றிக்கொள்வது எப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாம் விளங்கிவிடும். வழவழப்பான பரப்பில் பூச்சுக்குப் பிடிமானம் இல்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டாகின்றன. பூச்சு அந்தக் கீறல்களுக்குள் இறங்கி உறைந்து, வேர் பிடித்ததுபோல் நிற்கிறது. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோ மெழுகோ தூசியோ இருந்தால் கீறலுக்குள் இறங்க முடியாது.

எனாமல் எப்படிக் காய்கிறது என்பதற்குத் தோசைக்கல் நல்ல உதாரணம். புதுக் கல்லைப் பழக்கும்போது எண்ணெயை மெல்லத் தடவிக் காயவைத்தால் கறுத்துக் கெட்டியான படலம் கிடைக்கிறது. நிறைய ஊற்றிவிட்டால் பிசின்போல் ஒட்டுகிறது. சிந்தடிக் எனாமலிலும் எண்ணெய் கலந்த பிசின்தான் இருக்கிறது. தின்னர் ஆவியான பிறகு, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு அது மெல்ல இறுகுகிறது. தடிமனாக அடித்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரமாகவே இருக்கும், சுருங்கவும் செய்யும். ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு மேல் என்று பெயின்டர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

வேலையைத் தொடங்கும் முன் படிக்கட்டை ஒருமுறை நிதானமாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓரத்தில் கால் வைத்து அழுத்திப் பாருங்கள். கிறீச்சிட்டால் பலகையை இரும்போடு பிணைக்கும் திருகாணி தளர்ந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்து ஆட்டுங்கள். கம்பியின் அடி ஆடினால் பற்றவைப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் வேலை ஏதேனும் இருந்தால் பூச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதன் தீப்பொறி புதுப் பூச்சையும் மரத்தையும் சுடும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் கம்பிகளின் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். பல நாடுகளின் கட்டட விதிகள் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்கின்றன. பழைய வேலைப்பாடுகளில் பெரும்பாலும் அதைவிட அகலமாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு கம்பி சேர்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

அடுத்து வருவது ஈயம். இதை அவசரமாகப் படித்துக் கடந்துவிடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் அறிவித்த விதி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற அழுத்தமான நிறங்களில் ஈயம் கணிசமாக இருந்திருக்கலாம். இரும்புக்கு முதல் பூச்சாக ஈயச் செந்தூரம் பயன்பட்ட காலமும் உண்டு. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்து. ஆகவே 2017-க்கு முந்தைய பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த பெயின்டை மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள், சூட்டுத் துப்பாக்கியால் பொசுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நீரில் நனைக்கக்கூடிய எமரித் தாளால் ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சுரண்டி விழுந்ததையெல்லாம் அதிலேயே சுருட்டி எடுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி நிரப்பிய வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். இந்த நாட்களில் குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். இரும்பில் துருவைத் தடுக்கும் முதல் பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கும்போது ஒரு சொட்டு வெறும் தேக்கில் விழுந்தால் அது மரத்தின் துளைகளுக்குள் புகுந்துவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் செம்புள்ளியாகத் தெரியும். சரி, இரும்பை முதலில் முடித்துவிடலாம் என்றால் மரத்தைத் தேய்க்கும்போது உப்புத்தாள் புது எனாமலைக் கீறும். நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான்: முதலில் மரத்தைச் சுரண்டித் தேய்த்து, மரத்துளைகளை அடைக்கும் முதல் பூச்சான சீலர் வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். அதைப் பிளாஸ்டிக்கும் டேப்பும் கொண்டு மூடிவிட்டு இரும்பு வேலையை முழுவதுமாக முடியுங்கள். கடைசியாக மரத்தின் இறுதிப் பூச்சு. சீலர் போட்ட மரத்தில் பெயின்ட் பட்டாலும் உடனே துடைத்தால் போய்விடும்.

மரத்தில் ஏற்கெனவே என்ன பூச்சு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. கைப்பிடியின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அவலரக்கால் செய்த பழைய பிரெஞ்சு பாலிஷ். அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினை உருக்கி அவல்போலத் தட்டையாக்கியதுதான் அவலரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்கு இளகினால் அது லேக்கர், தின்னர் பறந்ததும் சட்டென்று காயும் பூச்சு. இரண்டிலும் கரையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷாகவோ பியூ எனப்படும் பாலியூரித்தேனாகவோ இருக்கும்.

இந்தச் சோதனையால் கிடைக்கும் பயன் பெரிது. பிரெஞ்சு பாலிஷ் என்று தெரிந்தால் ஸ்பிரிட்டும் பழந்துணியும் கொண்டே பெரும்பகுதியைத் துடைத்தெடுத்துவிடலாம். உப்புத்தாள் தின்னும் மரம் மிச்சம். தவிர, மெழுகுள்ள அரக்கை அப்படியே விட்டுவிட்டு மேலே பியூ அடித்தால் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும்.

கெட்டியான வார்னிஷுக்குப் பெயின்ட் ரிமூவர் தேவைப்படலாம். கடையில் கிடைக்கும் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் ரிமூவரில் இதைத் தடைசெய்துவிட்டார்கள், மூடிய அறையில் உயிரையே பறிக்கக்கூடியது என்பதால். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேல்படியில் தடவினால் படி வழியாகவே இறங்கிக் கீழே தேங்கும். மாடிப்படி பெரும்பாலும் வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே டப்பாவின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, அந்தப் பெயர் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். காஸ்டிக் சோடா கலந்த ரிமூவரும் வேண்டாம், தேக்கு கறுத்துவிடும்.

தேய்ப்பது எப்போதும் மர ரேகை ஓடும் திசையில். சொரசொரப்பான 80-ஆம் எண் தாளில் தொடங்கி, மேலும் மேலும் நைசான 120, 180, 220 என்று ஏறுங்கள். பொறுமை இழந்து 80-இலிருந்து நேராக 220-க்குத் தாவினால், முதல் தாளின் கீறல்கள் வார்னிஷ் பட்டதும் கோடு கோடாக எழுந்து நிற்கும். ஆணித் துளைகளுக்கும் பிளவுகளுக்கும் கடையில் விற்கும் பட்டி என்னும் அடைப்புக் களிம்பைவிட நல்லது, அதே மரத்தைத் தேய்த்து வந்த தூளைச் சீலரில் குழைத்து அடைப்பது. நிறம் கிட்டத்தட்டப் பொருந்திவிடும்.

தேக்கு இயல்பிலேயே எண்ணெய்ப் பசையுள்ள மரம். அதனால்தான் கரையானுக்கும் தண்ணீருக்கும் அது அவ்வளவு தாக்குப்பிடிக்கிறது. அந்த எண்ணெயே பூச்சுக்கு எதிரி. தேய்த்து முடித்ததும் தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த உடனே சீலர் போடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே கசிந்துவிடும்.

இரும்பும் மரமும் தொடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய படிக்கட்டுகளில் திருகாணியைச் சுற்றியும், பட்டை இரும்பின் ஓரத்திலும் மரம் நீலங்கறுப்பாகக் கறைபட்டிருக்கும். பலர் அதை அழுக்கு என்றும் மரம் உளுத்துவிட்டது என்றும் நினைக்கிறார்கள். அது உண்மையில் மை! கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் கலந்து நம் முன்னோர் எழுதும் மை தயாரித்தார்களே, அதே வேதியியல்தான். கடுக்காயில் இருப்பதுபோல மரத்திலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரம் பட்டதும் அது இரும்போடு கூடிக் கறுப்பாகிறது. தேய்த்தால் போகாது, ஆழமாக இறங்கியிருக்கும். ஆக்ஸாலிக் அமிலத் தூளைச் சுடுநீரில் கரைத்துப் பூசினால் கண்ணெதிரே வெளுக்கும். அது நஞ்சு என்பதை மறக்க வேண்டாம். கையுறை அணிந்து பூசுங்கள், வேலை முடிந்ததும் இரண்டு மூன்று முறை தண்ணீரால் கழுவி நன்றாக உலரவிடுங்கள். சரியாகக் கழுவாமல் பிறகு உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

இதே காரணத்தால்தான் தேக்கில் இரும்புக் கம்பளி (ஸ்டீல் வூல்) போட்டுத் தேய்க்கக் கூடாது. எங்கள் வீட்டுக் கைப்பிடியில் நான் அதைச் செய்தேன். அன்று பார்க்கப் பட்டுப்போல இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் வார்னிஷுக்கு அடியில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் வந்துவிட்டன, மரத்துளைக்குள் சிக்கிய இரும்புத் துணுக்குகளால். முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. இரும்பைச் சுரண்டும்போது மரத்தைப் பிளாஸ்டிக்கால் மூடச் சொல்வதும் இதனால்தான். பழைய திருகாணிகளை மாற்றுவதாக இருந்தால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி வாங்குங்கள். மீண்டும் பொருத்தும் முன் பட்டை இரும்பின் மேல்முகத்துக்கும் கைப்பிடியின் அடிமுகத்துக்கும் பூச்சு கொடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரியாத அந்த இடத்தில்தான் ஈரம் தங்கும்.

இரும்பு வேலை அதைவிட எளிது. ஒரு நல்ல செய்தி: பழைய பெயின்ட் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. நகத்தால் நெம்பினாலும் அசையாத பெயின்ட் நல்ல அடித்தளம். அதை ஈர எமரியால் பளபளப்புப் போகும்வரை தேய்த்தால் போதும். உரியும் இடத்தைச் சுரண்டி, விளிம்பில் விரல் ஓட்டினால் மேடு தெரியாதவாறு சரித்துத் தேய்க்க வேண்டும். துருவை மட்டும் மிச்சம் வைக்கக் கூடாது. துரு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், மேலிருக்கும் பூச்சைத் தூக்கிக்கொண்டு வளரும். மூடிவிட்டால் அடங்கிவிடும் பொருள் அது இல்லை. கம்பி பிரஷ், பிறகு எமரி. சுருள்களுக்குள் பழைய பல் துலக்கும் பிரஷ், எமரித் துணியை நாடாவாகக் கிழித்து இரு கையாலும் முன்னும் பின்னும் இழுப்பது என்று ஒவ்வொரு வளைவாகப் போக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் மூன்று நான்கு அடுக்குப் பெயின்டுக்கு அடியிலிருந்து கொல்லர் முறுக்கிய சுருளின் கூர்மை வெளிவரும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும்.

சுத்தமான இரும்பை ஒரு ராத்திரிகூட வெறுமனே விடக் கூடாது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் விடிவதற்குள் செம்படலம் படர்ந்துவிடும், காற்றிலுள்ள உப்பு அதை விரைவுபடுத்தும். எனவே அன்று முடிக்கக்கூடிய ஏழெட்டுக் கம்பிகளை மட்டும் எடுத்து, தின்னரால் துடைத்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமரின் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது, அதற்கும் ஈயச் செந்தூரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் ரெட் ஆக்சைடு பிரைமர்களில் ஒருவகையில் ஜிங்க் குரோமேட் கலக்கிறார்கள், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதற்குப் பதிலாக ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு பெயின்ட் வாங்குவது? 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி ஒன்றின் சுற்றளவு 4.8 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் உயரமென்றால் ஒரு கம்பிக்கு 384 சதுர சென்டிமீட்டர், 60 கம்பிக்குச் சுமார் 2.3 சதுர மீட்டர். சுருள்களுக்கும் பக்கச் சட்டத்துக்குமாக இதை இரண்டு மடங்காக்கிக்கொண்டாலும் ஐந்து சதுர மீட்டருக்குள் முடிகிறது. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கைக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். ஆக இரண்டு கைக்கு ஒரு லிட்டர் போதும். கடைக்காரர் நான்கு லிட்டர் டப்பாவை நீட்டினால் வாங்க வேண்டாம்.

நிறம் அவரவர் விருப்பம். என் கருத்தில் பழைய படிக்கட்டு பழையதாகத் தெரிவதற்குக் காரணம் கம்பியின் கிரீம் நிறமும், சுருள் நுனிகளில் தொட்ட தங்கப் பூச்சும், மரத்தின் ஆரஞ்சுச் சாயமும்தான். கம்பிகளுக்குப் பளபளப்புக் குறைந்த கறுப்பு, மரத்துக்குச் சாயம் எதுவும் கலக்காத தெளிவான பூச்சு என்று மாற்றினாலே போதும், தேக்கின் தேன் நிறம் தானாக எழுந்து நிற்கும். தேக்கை எனாமலால் மூட மட்டும் எனக்கு மனம் வராது.

இறுதிப் பூச்சில் கைப்பிடிக்கும் படிக்கும் ஒரே பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. கைப்பிடிக்குப் பிரெஞ்சு பாலிஷே இதமாக இருக்கும், ஆனால் வியர்வைக்கும் ஈரத்துக்கும் அது தாங்காது, அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். படிகளில் செருப்பும் மணலும் படுவதால் பியூவே பொருத்தம். இரண்டு டப்பாவாக வரும் பியூவில் கடினமாக்கும் திரவத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை ஸ்பிரே செய்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். வீட்டில் செய்கிறவர்கள் தண்ணீரில் கரையும் ஒற்றை டப்பா பியூவை பிரஷால் அடிப்பதே நல்லது. பிசின் சற்று மெலிது, ஆகவே மூன்று பூச்சு தேவைப்படும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் 320-ஆம் எண் தாளால் லேசாகத் தடவி, தூசியைத் துடைத்துவிடுங்கள். படி வழுக்கக் கூடாது என்பதால் கடைசிப் பூச்சில் அதற்கென்று விற்கும் நுண்ணிய மணல் தூளைக் கலக்கலாம், அல்லது படியின் முன்விளிம்பில் சொரசொரப்பான பட்டையை ஒட்டலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்காதீர்கள்.

மாடிக்கு வேறு வழி இல்லாத வீட்டில் ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசுங்கள். முதல் நாள் 1, 3, 5 என்று ஒற்றைப் படிகள், அவை காய்ந்த பிறகு இரட்டைப் படிகள். கால் வைக்கக்கூடிய படிகளில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வைத்தால் இருட்டில் குழப்பம் வராது. முதியவர்கள் அந்த நாட்களில் கீழ்த்தளத்திலேயே தூங்கட்டும்.

காலம் பார்த்தால் தமிழ்நாட்டில் பிப்ரவரியும் மார்ச்சும் இந்த வேலைக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். லேக்கர், மெலமைன் வகைப் பூச்சுகள் அப்போது பால்போல வெளுத்துப் போகும். மே மாத நடுப்பகலிலும் வேண்டாம், பிரஷ் தடம் சமனாவதற்குள் தின்னர் பறந்துவிடும்.

ஆளி விதை எண்ணெய் அல்லது அது கலந்த பூச்சைத் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது அவை தாமே சூடேறித் தீப்பற்றும், இது பலமுறை நடந்திருக்கிறது. விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பூச்சு இறுகிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம். முழு வலிமை பெற ஏறக்குறைய ஒரு வாரமாகும். அதுவரை படியில் செருப்பு, கனமான பெட்டி, ஈரத் துடைப்பு எதுவும் கூடாது. மிஞ்சிய எனாமலைச் சிறிய கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, தேதி எழுதி வையுங்கள். காற்று குறைவாக இருந்தால் தோல் கட்டாது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன், செப்டம்பரில், கம்பிகளின் அடியைக் குனிந்து பாருங்கள். தரை துடைக்கும் தண்ணீர் தேங்குவது அங்கேதான், துருவின் முதல் புள்ளியும் அங்கேதான் வரும். எமரியால் இரண்டு இழுப்பு, ஒரு துளி பிரைமர், அந்தப் புட்டியிலிருந்து ஒரு தொடுதல், ஐந்து நிமிட வேலை.